பாஸ் 302, பாஸ் 429 மஸ்டாங் மகிழுந்துகள் – ஓர் ஒப்பீடு

பாஸ் 302, பாஸ் 429 என்பவை அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1969, 1970 ஆகிய இரு மாதிரி ஆண்டுகளில் தயாரித்து விற்ற மஸ்டாங் மகிழுந்தின் இரு சிறப்பு வகைகள் ஆகும். பெயரிலுள்ள எண்கள் அவற்றின் வி8 எஞ்சின்களின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிக்கின்றன. 302 கன அங்குலம் என்பது சுமார் 4.9 லிட்டர், 429 கன அங்குலம் என்பது சுமார் 7.0 லிட்டர். இரண்டுக்கும் உடற்கூடு ஒன்றே, பெயரின் முற்பகுதியும் ஒன்றே. ஆதலால் ஒரே வண்டியின் சிறிய வகையும் பெரிய வகையுமாக இவற்றைக் கருதுவோர் பலர். இக்கருத்து சரியன்று. இவை இரு வேறு பந்தயங்களின் விதிகளை நிறைவு செய்வதற்காகத் தனித்தனியே உருவாக்கப்பட்டவை. எந்த வண்டி எந்த விதிக்காகப் பிறந்தது என்பதை அறிந்தால்தான் அவற்றின் நிறைகளும் குறைகளும் விளங்கும்.

பின்னணி

ஃபோர்டு நிறுவனம் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. நீண்ட முன்பகுதியும் குறுகிய பின்பகுதியும் கொண்ட, விலை குறைந்த இவ்வகை வண்டிகள் மஸ்டாங் என்னும் குதிரையின் பெயரை ஒட்டி "போனி கார்" எனப்பட்டன. இவற்றில் ஆற்றல் மிக்க வி8 எஞ்சின் பொருத்தப்பட்டவை பொதுவழக்கில் "மசில் கார்" என்ற பிரிவிலும் சேர்த்துப் பேசப்படுகின்றன.

1960களில் அமெரிக்க நிறுவனங்கள் பந்தய வெற்றியை விற்பனைக்கான நேரடி விளம்பரமாகக் கருதின. ஆனால் பந்தயத்திற்கென்றே ஒரு தனி வண்டியைச் செய்து ஓட்ட விதிகள் இடம் தரவில்லை. பந்தயத்தில் பயன்படும் வண்டியோ எஞ்சினோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு தகுதி பெறும் முறை ஆங்கிலத்தில் ஹோமோலோகேஷன் எனப்படுகிறது. தமிழில் இதனைப் பந்தயத் தகுதியேற்பு எனலாம். பாஸ் வகைகள் இரண்டும் இத்தகுதியேற்பின் விளைவுகளே.

ஃபோர்டு நிறுவனத்தின் முன் அப்போது இரு களங்கள் இருந்தன.

முதலாவது, ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா நடத்திய டிரான்ஸ்-ஆம் தொடர். வளைவுகள் நிறைந்த சாலைவகைத் தடங்களில் நடைபெற்ற இத்தொடரில் எஞ்சினின் கொள்ளளவு 305 கன அங்குலத்தை, அதாவது சுமார் 5.0 லிட்டரைத் தாண்டக்கூடாது. 1966, 1967 ஆண்டுகளில் இங்கு வென்ற ஃபோர்டு, 1968-இல் செவ்ரோலெட் காமரோவிடம் தோற்றது. அவ்வாண்டு ஃபோர்டு பயன்படுத்திய "டனல் போர்ட்" எனப்பட்ட எஞ்சின் அடிக்கடிப் பழுதடைந்தது.

இரண்டாவது, நாஸ்கார் அமைப்பு நடத்திய பந்தயங்கள். பெரும்பாலும் நீள்வட்டத் தடங்களில் நிகழும் இவற்றில் 7.0 லிட்டர் அளவிலான எஞ்சின்கள் அனுமதிக்கப்பட்டன. கிறைஸ்லர் நிறுவனத்தின் 426 கன அங்குல ஹெமி எஞ்சின் 1964 முதல் இங்கு வலிமையான போட்டியாளராக விளங்கியது. அதற்கு ஈடான ஓர் எஞ்சின் ஃபோர்டுக்குத் தேவைப்பட்டது.

பெயரும் உருவாக்கியோரும்

1968 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து விலகிய செமன் நூட்சன் ஃபோர்டின் தலைவராகப் பொறுப்பேற்றார். "பங்கி" என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட இவர், முன்னர் போன்டியாக், செவ்ரோலெட் ஆகிய பிரிவுகளுக்குத் தலைமை தாங்கியவர். இவரைத் தொடர்ந்து வடிவமைப்பாளர் லாரி ஷினோடாவும் ஃபோர்டில் சேர்ந்தார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஷினோடா, இரண்டாம் உலகப் போரின்போது சிறுவயதில் குடும்பத்தாருடன் மன்சனார் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். ஜெனரல் மோட்டார்ஸில் கொர்வெட் ஸ்டிங் ரே வடிவமைப்பில் பங்கேற்றவரும் இவரே.

மறைவாக நடந்த இத்திட்டத்தைப் பற்றி உடன் பணிபுரிந்தோர் கேட்டபோது, "பாஸின் வண்டி" என்று ஷினோடா விடையளித்ததாகவும், அதுவே பெயராக நிலைத்ததாகவும் கூறப்படுகிறது. பாஸ் என்ற சொல் இங்கு தலைவர் நூட்சனைக் குறித்தது. அக்கால அமெரிக்க இளைஞர் வழக்கில் அச்சொல்லுக்கு "மிகச் சிறந்தது" என்ற பொருளும் இருந்தமையால் விற்பனைக்கும் அது ஏற்றதாயிற்று.

பாஸ் 302

டிரான்ஸ்-ஆம் தொடருக்காக உருவானது பாஸ் 302. 305 கன அங்குல வரம்புக்குள் மிகுந்த ஆற்றலைப் பெற ஒரே வழி, எஞ்சினை உயர்ந்த சுழற்சி வேகத்தில் ஓடவைப்பதாகும். உயர் சுழற்சி வேகத்தில் சிலிண்டருக்குள் போதிய காற்று செல்லவேண்டுமெனில் பெரிய வால்வுகளும் அகன்ற காற்றுவழிகளும் தேவை.

இதற்காகப் பொறியாளர்கள் இரு குடும்பங்களை இணைத்தனர். எஞ்சினின் கீழ்ப்பகுதி, ஃபோர்டின் சிறிய வி8 குடும்பத்தைச் சேர்ந்த 302 பிளாக்கை வலுப்படுத்தி அமைக்கப்பட்டது. மேற்பகுதிக்கு, 1970 மாதிரி ஆண்டுக்கென உருவாகிக்கொண்டிருந்த 351 கிளீவ்லாந்து எஞ்சினின் சிலிண்டர் ஹெட், குளிர்நீர் வழிகள் மாற்றப்பட்டுப் பொருத்தப்பட்டது. இந்த ஹெட்டில் உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றுக்கொன்று இணையாக நில்லாமல், வெவ்வேறு கோணங்களில் சாய்ந்திருந்தன. இதனால் சிறிய சிலிண்டரிலும் பெரிய வால்வுகளை வைக்க முடிந்தது. வார்ப்பிரும்புக்கு மாறாக அடித்து உருவாக்கிய எஃகுக் கிராங்க் தண்டு, நடுவிலுள்ள மூன்று பேரிங்குகளுக்கு நான்கு போல்ட் பிடிப்பு, உயர் வேகத்திற்கு ஏற்ற திண்ம வால்வு லிஃப்டர்கள் ஆகியவை பிற சிறப்புகள். ஓட்டுநர் அளவுக்கு மீறி எஞ்சினைச் சுழலவிடாமல் தடுக்க ஒரு மின்வரம்புக் கருவியும் இணைக்கப்பட்டது.

எஞ்சினைப் போலவே சஸ்பென்ஷனுக்கும் கவனம் செலுத்தப்பட்டது. அகன்ற எஃப்60-15 டயர்களுக்கு இடமளிக்கும்படி சக்கர வளைவுகளின் விளிம்புகள் மாற்றப்பட்டன. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், விரைந்து திரும்பும் ஸ்டீயரிங் ஆகியவை எல்லா வண்டிகளிலும் இருந்தன. பின் அச்சின் ஷாக் அப்சார்பர்கள் ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றொன்று பின்னும் நிறுத்தப்பட்டன. திடீரென வேகமெடுக்கும்போது அச்சு துள்ளுவதை இவ்வமைப்பு குறைத்தது. நான்கு வேக மேனுவல் கியர் மட்டுமே கிடைத்தது.

பாஸ் 429

பாஸ் 429 உருவான முறை முற்றிலும் வேறானது. நாஸ்கார் விதியின்படி தகுதி பெறவேண்டியது எஞ்சின் மட்டுமே. குறைந்தது 500 எஞ்சின்கள் விற்பனை வண்டிகளில் பொருத்தப்பட்டு மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதே நிபந்தனை. அவ்வெஞ்சின் எந்த மாதிரி வண்டியில் விற்கப்படுகிறதோ, அம்மாதிரியே பந்தயத்தில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபோர்டு மஸ்டாங்கைத் தேர்ந்தது.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. இவ்வெஞ்சின் மஸ்டாங்கின் முன்பகுதியில் அடங்கவில்லை. பெரிய வால்வுகளும் அரைக்கோளத்தை ஒத்த எரியறைகளும் கொண்ட அதன் அலுமினிய ஹெட்கள் மிக அகலமானவை. எனவே டியர்பார்ன் தொழிற்சாலையில் உருவான வண்டிகள், மிச்சிகன் மாநிலத்தின் பிரைட்டன் ஊரில் இருந்த கார் கிராஃப்ட் என்ற நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. ஃபோர்டின் பந்தயப் பணிகளை ஒப்பந்த முறையில் செய்துவந்த நிறுவனம் இது. அங்கு முன்சக்கர ஷாக் அப்சார்பர்களைத் தாங்கும் கோபுரங்கள் மாற்றியமைக்கப்பட்டு எஞ்சினுக்கு இடம் உண்டாக்கப்பட்டது. முன்புறத்தில் இடமின்மையால் பேட்டரி பின்புற டிக்கிக்கு மாற்றப்பட்டது. குளிர்சாதன வசதியும் தானியங்கி கியரும் இவ்வண்டிக்குக் கிடைக்கவில்லை.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வழக்கமான கேஸ்கெட் இல்லாதிருப்பது இவ்வெஞ்சினின் தனித்தன்மை. ஒவ்வொரு சிலிண்டரையும், ஒவ்வொரு நீர், எண்ணெய் வழியையும் தனித்தனி வளையங்கள் அடைத்தன. பந்தயத்தின் உயர் அழுத்தத்திற்கு இது ஏற்றது. ஆயினும் பழுதுபார்க்கும்போது மிகுந்த கவனம் தேவைப்பட்டது. வளையங்கள் சரியாக அமராவிடில் கசிவு ஏற்பட்டது.

ஒப்பீட்டு அட்டவணை

| கூறு | பாஸ் 302 | பாஸ் 429 |
|---|---|---|
| நோக்கம் | டிரான்ஸ்-ஆம் | நாஸ்கார் |
| கொள்ளளவு | 302 கன அங்குலம் (4.9 லிட்டர்) | 429 கன அங்குலம் (7.0 லிட்டர்) |
| சிலிண்டர் விட்டம் | 4.00 அங்குலம் | 4.36 அங்குலம் |
| பிஸ்டன் வீச்சு | 3.00 அங்குலம் | 3.59 அங்குலம் |
| அறிவிக்கப்பட்ட ஆற்றல் | 290 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 5,800 சுழற்சியில் | 375 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 5,200 சுழற்சியில் |
| முறுக்குவிசை | 290 பவுண்டு-அடி, 4,300 சுழற்சியில் | 450 பவுண்டு-அடி, 3,400 சுழற்சியில் |
| கார்புரேட்டர் | ஹோலி, நிமிடத்திற்கு 780 கன அடி | ஹோலி, நிமிடத்திற்கு 735 கன அடி |
| சிலிண்டர் ஹெட் | வார்ப்பிரும்பு | அலுமினியம் |
| 1969 உற்பத்தி | 1,628 | சுமார் 860 |
| 1970 உற்பத்தி | சுமார் 7,000 | சுமார் 500 |
| 1969 விலை | சுமார் 3,600 டாலர் | சுமார் 4,800 டாலர் |

ஆற்றல் அளவுகள் அக்காலத்திய மொத்த அளவீட்டு முறைப்படி குறிக்கப்பட்டவை. அம்முறையில் எஞ்சின், வண்டியிலிருந்து தனியே, துணைக்கருவிகளின் சுமையின்றிச் சோதிக்கப்பட்டது. 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் நிகர அளவீட்டுக்கு மாறின. ஆகவே மேற்கண்ட எண்களை இக்கால வண்டிகளின் எண்களோடு நேரடியாக ஒப்பிடுதல் கூடாது.

எண்கள் உணர்த்துவன

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி 5,252 ஆல் வகுத்தால் கிடைப்பது (முறுக்குவிசை பவுண்டு-அடியில் இருக்கும்போது). பாஸ் 429 எஞ்சின் 3,400 சுழற்சியில் 450 பவுண்டு-அடி முறுக்குவிசை தருகிறது. அப்போது அதன் ஆற்றல் சுமார் 291 குதிரைத்திறன். பாஸ் 302 தன் உச்சமான 5,800 சுழற்சியில் எட்டும் ஆற்றலும் ஏறத்தாழ இதுவே. அதாவது ஒன்று உச்சிக்கு ஏறி நிற்கும் இடத்தை, மற்றொன்று பாதி வழியிலேயே அடைந்துவிடுகிறது.

எனினும் லிட்டருக்கு இத்தனை என்று கணக்கிட்டால் நிலை மாறுகிறது. பாஸ் 302 லிட்டருக்குச் சுமார் 59 குதிரைத்திறனும், பாஸ் 429 சுமார் 53 குதிரைத்திறனும் தருகின்றன. பிஸ்டன் வீச்சு குறைவாக இருப்பதும் சிறிய எஞ்சினுக்கு உதவுகிறது. நிமிடத்திற்கு 6,000 சுழற்சியில் பாஸ் 302-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15.2 மீட்டர் வேகத்தில் இயங்க, பாஸ் 429-இன் பிஸ்டன் 18.2 மீட்டர் வேகத்தில் இயங்க வேண்டியுள்ளது.

அட்டவணையில் முரணாகத் தோன்றுவது கார்புரேட்டரின் அளவு. நான்கு வீச்சு எஞ்சின் இரு சுழற்சிகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்கிறது. சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், 6,000 சுழற்சியில் பாஸ் 302-க்கு நிமிடத்திற்குச் சுமார் 524 கன அடி காற்று போதும். அதன் கார்புரேட்டரோ 780 கன அடி அளவினது. பாஸ் 429-க்குச் சுமார் 745 கன அடி தேவை. அதற்கு வழங்கப்பட்டதோ 735 கன அடிக் கார்புரேட்டர். பெரிய எஞ்சினுக்குச் சிறிய கார்புரேட்டரும், சிறிய எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டரும் அமைந்தன. பந்தயத்திற்கென வடித்த அகன்ற காற்றுவழிகள் கொண்ட ஓர் எஞ்சின், சாலை வண்டியில் அடக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

சாலையில்

அக்காலச் சோதனை ஓட்டங்களில் கால் மைல் தொலைவை பாஸ் 429 வண்டி 14 நொடிகளுக்குச் சற்று மேலாகவும், பாஸ் 302 வண்டி 14.5 நொடிகளுக்கு மேலாகவும் கடந்தன. கொள்ளளவில் 42 விழுக்காடு கூடுதலாக இருந்தும் வேறுபாடு இவ்வளவே. குறைந்த வேகத்தில் பாஸ் 429 மந்தமாக இருந்தது. ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சின் பொருத்திய மஸ்டாங், அதைவிடக் குறைந்த விலையில் ஏறத்தாழ அதே வேகத்தைத் தந்தது. எனவே புதிதாக வாங்கியோரில் சிலர் ஏமாற்றமடைந்தனர். வேறு கார்புரேட்டரும் கேம் தண்டும் பொருத்திய பின்னரே அவ்வெஞ்சினின் உண்மையான ஆற்றல் வெளிப்பட்டது.

பாஸ் 302-க்கும் குறைகள் உண்டு. பெரிய வால்வுகளின் விளைவாக அதுவும் குறைந்த சுழற்சியில் தளர்ந்தே இழுத்தது. 1970-இல் உள்வால்வுகள் 2.23 அங்குலத்திலிருந்து 2.19 அங்குலமாகச் சற்றுச் சிறிதாக்கப்பட்டன. நீண்ட காலம் கடுமையாக ஓட்டப்பட்ட எஞ்சின்களில் பிஸ்டனின் கீழ்விளிம்பு வெடிக்கும் பழுதும் அறியப்பட்டதே. ஆயினும் வளைவுகளில் திரும்பும் திறத்தில் அது பெரும் பாராட்டைப் பெற்றது. முன்பகுதியில் எடை குறைந்திருந்தமையே இதற்கு முதற்காரணம்.

பந்தயக் களத்தில்

1969 டிரான்ஸ்-ஆம் தொடரில் ரோஜர் பென்ஸ்கி அணியின் காமரோ மீண்டும் பட்டம் வென்றது. காமரோ இசட்/28 வண்டியின் எஞ்சினும் 302 கன அங்குலமே. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் வீச்சும் அறிவிக்கப்பட்ட ஆற்றலும்கூட பாஸ் 302-க்கு உள்ளவையே. ஒரே விதி இரு போட்டியாளர்களை ஒரே அளவுகளுக்குக் கொண்டுசென்றது. 1970-இல் பட் மூர் அணியின் பாஸ் 302 வண்டிகளை பார்னெல்லி ஜோன்ஸ், ஜார்ஜ் ஃபால்மர் ஆகியோர் ஓட்டினர். தொடரின் 11 பந்தயங்களில் ஆறில் வென்று ஃபோர்டு பட்டத்தை மீட்டது.

பாஸ் 429 எஞ்சின் 1969 மார்ச்சில் அட்லாண்டா 500 பந்தயத்தில் நாஸ்கார் களம் கண்டது. மெர்குரி வண்டியை ஓட்டிய கேல் யார்பரோ அதில் வெற்றி பெற்றார். அவ்வாண்டின் நாஸ்கார் பட்டத்தை ஃபோர்டு வண்டியில் டேவிட் பியர்சன் வென்றார். ஆனால் இப்பந்தயங்களில் அவ்வெஞ்சின் மஸ்டாங்கில் ஓடவில்லை. டொரினோ டல்லடேகா, மெர்குரி சைக்ளோன் ஸ்பாய்லர் II ஆகிய பெரிய வண்டிகளில்தான் ஓடியது.

இதில் ஒரு விந்தை உண்டு. டொரினோ டல்லடேகாவின் காற்றைக் கிழிக்கும் முகப்புக்குத் தகுதி பெற அவ்வண்டியும் 700-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்கப்பட்டது. ஆனால் விற்பனை வண்டிகளில் இருந்தது 428 கோப்ரா ஜெட் எஞ்சின். பந்தய உடற்கூட்டை வாங்கியவருக்குப் பந்தய எஞ்சின் கிட்டவில்லை. பந்தய எஞ்சினை வாங்கியவருக்குப் பந்தய உடற்கூடு கிட்டவில்லை. பாஸ் 302 வாங்கியவரோ, களத்தில் ஓடிய வண்டியின் நெருங்கிய உறவையே தம் வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருந்தார். இரு வகைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே ஆகும்.

வெளித்தோற்றமும் அடையாளமும்

பாஸ் 302 வண்டியைப் பக்கவாட்டிலுள்ள பட்டைகளைக் கொண்டு எளிதில் அறியலாம். 1969 வண்டிகளில் பெயர் தாங்கிய கறுப்புப் பட்டை ஆங்கில "சி" எழுத்தைப் போல வளைந்திருக்கும். 1970-இல் பட்டைகளின் வடிவம் மாறியது. முகப்பு விளக்குகள் நான்கிலிருந்து இரண்டாயின. முன் ஸ்பாய்லர், பின் கண்ணாடியை மூடும் பலகைகள், பின் இறக்கை ஆகியன ஷினோடாவின் கைவண்ணம்.

பாஸ் 429-இல் பட்டைகள் இல்லை. முன்சக்கரத்தின் பின்னே சிறிய பெயரொட்டு ஒன்றும், பானட்டின் மேல் பெரிய காற்றுவாயும் மட்டுமே அடையாளங்கள். ஓட்டுநர் பக்கக் கதவில் "கேகே" என்று தொடங்கும் கார் கிராஃப்ட் வரிசை எண் ஒட்டப்பட்டிருக்கும்.

சாதாரண மஸ்டாங்குகளை பாஸ் போல மாற்றி விற்பது பிற்காலத்தில் பெருகியமையால், வண்டி அடையாள எண்ணைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. அவ்வெண்ணின் ஐந்தாம் இடத்தில் பாஸ் 302-க்கு "ஜி" என்ற எழுத்தும், பாஸ் 429-க்கு "இசட்" என்ற எழுத்தும் இருக்கும்.

உற்பத்தி நிறுத்தமும் பிற்காலமும்

1969 செப்டம்பரில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு நூட்சனைப் பதவி நீக்கம் செய்தார். ஷினோடாவும் விரைவில் வெளியேற நேர்ந்தது. பெயருக்குக் காரணமான தலைவர் சென்ற பின்னர் பாஸ் வகைகளும் நெடுநாள் நீடிக்கவில்லை. நாஸ்காருக்குத் தேவையான எண்ணிக்கை முன்பே எட்டப்பட்டுவிட்டதால் பாஸ் 429-இன் உற்பத்தி 1970-இன் தொடக்கத்திலேயே முடிவுற்றது. 1970 இறுதியில் ஃபோர்டு பெரும்பாலான பந்தயங்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. காப்பீட்டுக் கட்டண உயர்வும் புகை வெளியேற்றக் கட்டுப்பாடுகளும் இத்தகைய வண்டிகளின் விற்பனையைக் குறைத்தன. 1971-இல் மட்டும் பாஸ் 351 என்ற வகை வெளிவந்தது.

2012, 2013 மாதிரி ஆண்டுகளில் ஃபோர்டு பாஸ் 302 என்ற பெயரை மீண்டும் பயன்படுத்தியது. அதன் 5.0 லிட்டர் எஞ்சின் 444 குதிரைத்திறன் கொண்டது. பாஸ் 429 என்ற பெயரை 2014-இல் வெளியான ஜான் விக் திரைப்படம் புதிய தலைமுறையினரிடம் கொண்டுசேர்த்தது.

சேகரிப்பாளர் சந்தையில், எண்ணிக்கை மிகக் குறைவான பாஸ் 429 பன்மடங்கு அதிக விலை பெறுகிறது. விற்பனைக்கு வந்த நாளில் அதன் உரிமையாளர்கள் சிலரை ஏமாற்றிய வண்டியே பின்னாளில் பெருமதிப்புப் பெற்றது. ஆயினும் விலையைக் கொண்டு இரண்டில் எது சிறந்தது என முடிவு செய்தல் பொருந்தாது. பாஸ் 429 ஓர் எஞ்சினை விற்பதற்காக அமைந்த வண்டி. பாஸ் 302 ஒரு வண்டிக்காக அமைந்த எஞ்சின். தமக்கு இடப்பட்ட பணியை இரண்டுமே நிறைவேற்றின.